கிழட்டுப் பாணனும் ஆசானும்: ஃப்ளோபேர், ஜார்ஜ் சாண்ட் கடிதங்கள்

பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ளோபேர் 'மதாம் போவாரி' நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. 1852 நவம்பரில் காதலியும் கவிஞருமான லூயிஸ் கொலேவுக்கு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில் ஜார்ஜ் சாண்டுக்கு ஒரு குத்து விடுகிறார். அந்த அம்மாளின் எழுத்தில் எல்லாம் கசிகிறதாம். தசையே இல்லாத தொடைகளுக்கு நடுவே ஒழுகுகிற மாதிரி, சொற்களுக்கு நடுவே கருத்து ஒழுகுகிறதாம். அப்போது ஃப்ளோபேருக்கு முப்பது வயது. ஒரு புத்தகம்கூட வெளிவந்திருக்கவில்லை. சாண்டோ பிரான்ஸ் முழுக்கப் பெயர் தெரிந்த நாவலாசிரியர்.

பதினான்கு வருடம் கழித்து, 1866 நவம்பர் 27 அன்று, அதே ஃப்ளோபேர் சாண்டுக்கே எழுதுகிறார்: "உங்களிடம் கருத்து ஒரு நதிபோல அகலமாக, ஓயாமல் ஓடுகிறது. என்னிடம் இருப்பதோ மெலிந்த ஒரு நீர்த்தாரை. அதிலிருந்து ஓர் அருவி விழ வேண்டுமென்றால் நான் பெரிய பெரிய கட்டுமான வேலையெல்லாம் செய்தாக வேண்டும்."

பிரெஞ்சில் இரண்டு இடத்திலும் வினைச்சொல் ஒன்றேதான்: 'கூலே'. ஓடுவதற்கும் அதுதான், ஒழுகுவதற்கும் அதுதான். முதல் தடவை அது வசை, இரண்டாம் தடவை பொறாமை கலந்த பாராட்டு. இடைப்பட்ட காலத்தில் சாண்ட் எழுதும் விதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒழுகலாகத் தெரிந்தது எப்படி நதியானது? 1863-இல் தொடங்கி 1876 வரை இவர்கள் எழுதிக்கொண்ட நானூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை நான் இந்தக் கேள்வியோடுதான் படிக்கிறேன்.

ஆளைக் கொஞ்சம் அறிமுகம் செய்துவிடலாம். ஜார்ஜ் சாண்ட் என்பது புனைபெயர். இயற்பெயர் ஒரோர் துப்பேன், பிறந்தது 1804-இல். தந்தை வழியில் கொள்ளுத்தாத்தா பிரான்சின் படைத்தளபதி மாரிஸ் த சாக்ஸ், போலந்து மன்னருக்கு முறையற்ற வழியில் பிறந்தவர். தாய் வழித் தாத்தா பாரிஸில் பறவை விற்றவர். பதினெட்டு வயதில் திருமணம். பிறகு கணவரைப் பிரிந்து, ஆண் உடை, சுருட்டு, காதலர்களாகக் கவிஞர் முஸ்ஸே, இசைமேதை ஷோப்பேன் என்று ஊர் வாய்க்கு நிறையத் தீனி போட்ட வாழ்க்கை. 1848 புரட்சியில் புதிய குடியரசுக்காக அறிக்கைகள் எழுதிக்கொடுத்தார். எழுபது நாவல்கள் போல எழுதினார். ஒரு நாவலை நள்ளிரவு ஒரு மணிக்கு முடித்தவர், அதே இரவில் அடுத்ததைத் தொடங்கிவிட்டார் என்று கவிஞர் கோத்தியே சொன்ன கதையை எழுத்தாளர்களான கோன்கூர் சகோதரர்கள் தங்கள் நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஃப்ளோபேர் அவரைவிடப் பதினேழு வயது இளையவர். ரூவான் நகரத்து அறுவை மருத்துவரின் மகன். நகரத்தை ஒட்டி சேன் நதிக்கரையில் இருக்கும் க்ருவாசேயில், அம்மாவோடு, கல்யாணம் காட்சி இல்லாமல் வாழ்ந்தார். ஒரு நாவலுக்கு ஐந்து வருடம். எழுதிய வாக்கியத்தை உரக்கக் கத்திப் பார்த்து, மூச்சு எங்கே இடறுகிறதோ அங்கே திருத்துவார். 'மதாம் போவாரி'க்காக 1857-இல் நீதிமன்றப் படியேறி விடுதலையும் ஆனார். அந்த நாவலில் எம்மா போவாரி தன் ஏக்கங்களுக்கு வடிகால் தேடி யாரையெல்லாம் படிக்கிறாள் தெரியுமா? பால்சாக்கையும் ஜார்ஜ் சாண்டையும். புத்தகம் படித்துக் கெட்டுப்போகிற பெண்ணின் கையில் பின்னாளில் தன் உயிர்த்தோழியாகப் போகிறவரின் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

முதல் அடியை எடுத்து வைத்தவர் சாண்ட். 1862 கடைசியில் ஃப்ளோபேரின் அடுத்த நாவல் 'சலாம்போ' வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். 1863 ஜனவரியில் சாண்ட் 'லா ப்ரெஸ்' பத்திரிகையில் அதைத் தாங்கி எழுதினார். ஃப்ளோபேர் நன்றி எழுத, சாண்ட் "என் அன்புச் சகோதரனே" என்று பதில் போட்டார். அதோடு கொஞ்ச காலம் சும்மா இருந்தது. 1865 ஆகஸ்டில் சாண்டின் கடைசித் துணைவர் அலெக்சாந்தர் மான்சோ காசநோயில் இறந்தார். அடுத்த பிப்ரவரியில் பாரிஸில் மான்யி உணவகத்து இலக்கிய விருந்துக்கு சாண்ட் போனார். விமர்சகர் செந்த்-பேவ், கோத்தியே, கோன்கூர் சகோதரர்கள் என்று பெரிய தலைகள் கூடும் இடம் அது, பெண் இவர் ஒருவர்தான். வீடு திரும்பி நாட்குறிப்பில் எழுதினார்: மற்றவர்களைவிட ஃப்ளோபேரிடம்தான் என் மனம் ஒட்டுகிறது, ஏனென்று இன்னும் தெரியவில்லை.

அந்த வருடமே இரண்டு முறை க்ருவாசேக்குப் போனார், ஆகஸ்டில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு வாரம். சாண்டின் நாட்குறிப்பு சுருக்கெழுத்துப் போன்றது. யார் வந்தார்கள், வானிலை எப்படி, என்ன சாப்பிட்டோம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த நவம்பர் பக்கங்களில் ஒரு காட்சி அப்படியே கண்ணில் நிற்கிறது. ஃப்ளோபேர் தன் கையெழுத்துப் பிரதிகளை வாசித்துக் காட்டுகிறார், பேச்சு நீள்கிறது, நள்ளிரவு தாண்டிப் பசிக்கிறது. இருவரும் சமையலறைக்கு இறங்கிப் போய் ஆறிப்போன கோழிக்கறியைத் தேடி எடுக்கிறார்கள். முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேலே வந்து, தின்று, புகைத்து, மறுபடியும் பேச்சு. அவருக்கு அறுபத்திரண்டு, இவருக்கு நாற்பத்தைந்து தொடப்போகிறது. அம்மா தூங்குகிற வீட்டில் திருட்டுத்தனமாகச் சோற்றுப்பானையை உருட்டும் விடுமுறைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது.

அவர் கிளம்பிய பிறகு ஃப்ளோபேர் எழுதியது: உங்கள் மேல் எனக்கு இருப்பது எந்த வகை உணர்வு என்று தெரியவில்லை, ஆனால் இதுவரை யாரிடமும் தோன்றாத ஒரு தனிப்பட்ட வாஞ்சை. இதைக் காதல் என்று படிக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கடிதங்களில் அதற்கு இடமில்லை. கடிதங்களில் இருப்பது வேறு மாதிரியான ஒரு நெருக்கம். அதைப் புரிந்துகொள்ள அவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று பார்த்தாலே போதும்.

ஃப்ளோபேர் சாண்டைக் கடைசிவரை 'நீங்கள்' என்றே எழுதினார். சாண்டும் ஆரம்பத்தில் 'நீங்கள்'தான், சீக்கிரமே 'நீ'க்கு மாறிவிட்டார். ஃப்ளோபேரின் விளி 'ஷேர் மேத்ர்'. 'மேத்ர்' என்றால் ஆசான், இலக்கணப்படி ஆண்பால் சொல். 'ஷேர்' என்ற அடைமொழியை எழுதும்போது மட்டும் பெண்பால் வடிவத்தில் எழுதுவார். இலக்கணப் பிழை, தெரிந்தே செய்தது. தமிழில் பெயரடைக்குப் பால் கிடையாது என்பதால் இதை மொழிபெயர்க்க வழியே இல்லை. 'அன்பு ஆசானே' என்று போட்டால் பாதி போய்விடும், 'ஆசிரியையே' என்றால் மொத்தமும் போய்விடும். ஒரு பெண்ணை ஆணின் பட்டத்தால் அழைத்து, அதே மூச்சில் அவர் பெண் என்பதையும் விட்டுக்கொடுக்காத அழைப்பு அது. வேறொரு கடிதத்தில் "மூன்றாம் பாலைச் சேர்ந்தவரே" என்று கேலியாகவும் எழுதினார். சாண்டின் கணக்கு இன்னும் எளிது. 1867 ஜனவரியிலேயே எழுதிவிட்டார்: இருப்பது ஒரே பால்தான், ஆணும் பெண்ணும் அத்தனை ஒன்றுபோல இருக்கும்போது எதற்கு இவ்வளவு பிரித்துப் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை.

சாண்ட் தன்னைச் சொல்லிக்கொண்டது 'கிழட்டு த்ருபதூர்' என்று. இடைக்காலப் பிரான்சில் ஊர் ஊராகக் காதல் பாடித் திரிந்த பாடகனுக்கு அந்தப் பெயர். நமக்கு அதற்கு 'பாணன்' இருக்கிறது. சாண்ட் நினைத்த பாணன் கொஞ்சம் மலிவானவன், சத்திரத்துக் கடிகாரத்தின் மேல் அலங்காரத்துக்கு நிற்கும் பொம்மை. காலம் மாறினாலும் அதே தூய காதலைப் பாடிக்கொண்டிருப்பவன். ஃப்ளோபேரும் அந்தப் பட்டத்தில் பங்கு கேட்டுக்கொண்டார், இருவரும் மாற்றி மாற்றிக் 'கிழட்டுப் பாணன்' என்று கையெழுத்திட்டார்கள். அப்புறம் ஃப்ளோபேர் 'அருட்தந்தை க்ருஷார்' என்றொரு கற்பனைப் பாதிரியார் வேடம் கட்டினார். சீமாட்டிகளுக்குப் பாவமன்னிப்புக் கொடுக்கும் ஏசு சபைச் சாமியார். 1873-இல் அவருக்கு ஒரு வாழ்க்கை வரலாறே எழுதி சாண்டுக்குச் சமர்ப்பணம் செய்தார். உலகத்தின் முட்டாள்தனத்தைப் பார்த்து எரிந்து விழுபவர் என்று பெயரெடுத்த ஆள் இவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, சண்டைக்கு வருவோம். ஏனென்றால் இந்த நட்பின் முக்கால்வாசி சண்டைதான்.

முதல் சண்டை எழுதுவது பற்றியது. நதியும் நீர்த்தாரையும் வரும் அதே கடிதத்தில் ஃப்ளோபேர் சொல்கிறார்: "நாள் முழுக்கத் தலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காகப் பாழாய்ப்போன மூளையைப் பிழிவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது." சாண்டுக்கு இது உண்மையிலேயே விளங்கவில்லை. இத்தனை கஷ்டம் என்கிறீர்களே, இது ஒரு பாவனையா, பார்த்தால் தெரியவே இல்லையே என்று கேட்கிறார். பிறகு தன்னைப் பற்றி: "என் பழைய யாழைக் காற்று அதற்குத் தோன்றியபடி மீட்டுகிறது." பாடுவது நானல்ல, என்னுள் இருக்கும் இன்னொருவர் என்கிறார். பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியதாக ஊர் சிரித்த ஒருவர், தன் எழுத்தைத் தன்னுடையதென்றே உரிமை கொண்டாடவில்லை.

இந்த இடத்தில் ஃப்ளோபேரின் பாராட்டை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. அவர் சாண்டின் நாவல்களைத் தன் நாவல்களுக்கு நிகராக நினைத்தார் என்று நம்புவது கஷ்டம். அவர் மதிக்கத் தொடங்கியது சாண்டின் புத்தகத்தை விடவும் அவர் மேசையை, அதாவது துக்கமோ பணமுடையோ பேரக்குழந்தைகளின் காய்ச்சலோ எது வந்தாலும் இரவில் உட்கார்ந்து எழுதி முடிக்கும் அந்த வேகத்தை. ஒரு சொல்லுக்காக நாள் கணக்கில் தவம் கிடப்பவருக்கு அது அற்புதமாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது சண்டை பெரியது, பத்து வருடம் ஓடியது. 1866 டிசம்பரில் ஃப்ளோபேர் தன் கொள்கையைப் போட்டு உடைக்கிறார்: நாவலாசிரியனுக்கு எதைப் பற்றியும் தன் கருத்தைச் சொல்ல உரிமை கிடையாது, கடவுள் எப்போதாவது தன் கருத்தைச் சொல்லியிருக்கிறாரா? சாண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எழுதுவதில் தன் இதயத்தை எதுவும் வைக்கக் கூடாதா? எனக்குப் புரியவில்லை, சுத்தமாகப் புரியவில்லை."

இது வெறும் கோட்பாட்டுச் சண்டை என்று தோன்றலாம். 1869 நவம்பரில் அதற்கு ரத்தமும் சதையும் வந்தது. ஃப்ளோபேர் ஐந்து வருட உழைப்பில் எழுதிய 'உணர்வுகளின் கல்வி' வெளிவந்தது. 1848 காலத்து இளைஞர்கள் காதலிலும் அரசியலிலும் ஒன்றுமில்லாமல் கரைந்துபோவதைச் சொல்லும் நாவல். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. டிசம்பர் தொடக்கத்தில் ஃப்ளோபேர் சாண்டுக்கு எழுதினார்: உங்கள் கிழட்டுப் பாணனை மடையன், அயோக்கியன் என்றெல்லாம் திட்டுகிறார்கள். எனக்காக ஒரு கட்டுரை எழுத முடியுமா என்றும் கூச்சத்தை விட்டுக் கேட்டார். சாண்ட் எழுதினார், அது 'லா லிபெர்த்தே'யில் அந்த மாதமே வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாவல் சாண்டின் தலைமுறைக் கனவின் மேல் நடத்தப்பட்ட பிரேதப் பரிசோதனை. 1848-இல் அறிக்கை எழுதிய கை அவருடையது. அப்படியிருந்தும் ஊர் முன்னால் நண்பருக்கு அரணாக நின்றார். தனக்கு அதில் எது உறுத்தியது என்பதை ஆறு வருடம் கழித்து, தனிக் கடிதத்தில்தான் விரிவாக எழுதினார்.

கட்டுரை வந்த கையோடு கிறிஸ்துமசுக்கு ஃப்ளோபேர் நோஆனுக்குப் போனார். பாட்டியிடமிருந்து சாண்டுக்கு வந்த கிராமத்து மாளிகை அது. சாண்டின் மகன் மாரிஸ் அங்கே பொம்மலாட்ட அரங்கு ஒன்று வைத்திருந்தார். பொம்மைக்கு உடை தைப்பது சாண்டின் வேலை. பேத்திகளோடு வீடு எப்போதும் கலகலவென்றிருக்கும். அந்த டிசம்பர் நாட்குறிப்பில் ஒரு வரி: ஃப்ளோபேர் பெண் வேடம் கட்டி, குடும்ப நண்பர் ப்ளோஷூவோடு ஸ்பானிய நடனம் ஆடினார், பார்க்கக் கோரம், எல்லாரும் பைத்தியம் மாதிரி இருக்கிறோம்.

1873 ஏப்ரலில் இரண்டாம் தடவை போனபோது கதை கொஞ்சம் வேறு. ஃப்ளோபேர் தான் எழுதிய 'புனித அந்தோணியாரின் சோதனை'யை ஒரே நாளில், மதியமும் இரவுமாக, மணிக்கணக்கில் வாசித்தார். பாவாடை கட்டிக்கொண்டு மறுபடியும் ஆடப் பார்த்து, ஐந்தே நிமிடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இவன் என்னைவிடக் கிழம் என்று எழுதுகிறார் அறுபத்தெட்டு வயது சாண்ட். முந்தைய கோடையில்கூட தினமும் ஊர் ஆற்றின் குளிர்ந்த நீரில் முங்கிக் குளித்தவர் அவர். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவும் வந்து சேர்ந்துகொண்டார். மற்றவர்களைப் பேசவே விடாமல், எதற்கெடுத்தாலும் இலக்கியம் என்று நின்ற ஃப்ளோபேரால் சாண்டுக்கு அலுத்துவிட்டது. ஃப்ளோபேர் கிளம்பியபோது, உடம்பெல்லாம் வலிக்கிறது, அவனை ரொம்பப் பிடிக்கும்தான், ஆனால் ஆளை அசத்தி நொறுக்கிவிடுகிறான் என்ற தொனியில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கடிதத்தில் இதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. நட்பை மெச்சி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கென்னவோ இந்தப் பக்கம் இருப்பதால்தான் மற்ற பக்கங்களை நம்ப முடிகிறது.

இடையில் போர் வந்து போயிருந்தது. 1870-71-இல் பிரஷ்யப் படை க்ருவாசே வீட்டிலேயே வந்து தங்கியது. தேசியக் காவல்படையில் லெப்டினன்டாக இருந்த ஃப்ளோபேர் தன் காகிதங்களை மண்ணில் புதைத்து வைத்தார். பிறகு பாரிஸ் கம்யூன் என்ற நகரத்து மக்களின் புரட்சி ஆட்சி, அதன் ரத்தக்களரி. கம்யூனை இருவருக்குமே பிடிக்கவில்லை, ஆனால் அதிலிருந்து இருவரும் எடுத்துக்கொண்ட பாடம் வேறு வேறு. கற்றவர்கள் சிலர் கையில்தான் ஆட்சி இருக்க வேண்டும், எல்லாருக்கும் வாக்குரிமை என்பது மனித அறிவுக்கே அவமானம் என்றார் ஃப்ளோபேர். க்ருவாசேயின் மற்ற வாக்காளர்கள் இருபது பேருக்கு நான் ஒருவன் சமம் என்று கணக்கும் போட்டார்.

1871 செப்டம்பரில் சாண்ட் பதில் எழுத உட்கார்ந்தார். எழுத எழுத நீண்டு, கடிதம் கட்டுரை ஆகிவிட்டது. அதைத் தன் பெயரில் 'லெ தான்' நாளிதழில் 'ஒரு நண்பருக்குப் பதில்' என்ற தலைப்பில் அச்சிட்டார். அந்த நண்பர் யாரென்று சொல்லவில்லை. "என்னது, நான் நேசிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்கிறாயா?" என்று தொடங்கும் அது. நடுவில் ஓர் இடம்: "மக்கள் என்கிறாய். மக்கள் என்றால் நீயும் நானும்தான்." மன்னர் வழிக் கொள்ளுத்தாத்தாவும் பறவை விற்ற தாத்தாவும் ஒரே உடம்பில் இருந்தவருக்கு இது மேடைப் பேச்சு அல்ல, குடும்ப வரலாறு. ஃப்ளோபேர் நெகிழ்ந்து எழுதினார், கருத்தை மட்டும் ஒரு அங்குலமும் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த வருடங்களில் ஃப்ளோபேரைச் சுற்றிச் சாவு வரிசை கட்டி வந்தது. 1869 ஜூலையில் உயிர் நண்பர் லூயி பூயே, அக்டோபரில் செந்த்-பேவ், அடுத்த வருடம் ஜூல் த கோன்கூர், 1872 ஏப்ரலில் அம்மா, அக்டோபரில் கோத்தியே. தனிமையில் புழுங்கிய மனிதருக்கு சாண்ட் ஒரு யோசனை சொன்னார், நம் ஊர்ப் பெரியம்மாக்கள் சொல்வதேதான்: ஏன் நீ ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது? ஃப்ளோபேரின் பதில் படிக்க வேண்டியது. கையில் காசு போதாது, வயதும் ஆகிவிட்டது, என் மாதிரி ஒரு ஆளை ஒரு பெண்ணின் தலையில் நிரந்தரமாகக் கட்ட எனக்கு மனசாட்சி இடம் தராது, எனக்குள் யாருக்கும் தெரியாத ஒரு சாமியார் இருக்கிறான் என்று.

1875-இல் பண இடி விழுந்தது. ஃப்ளோபேர் மகளாக வளர்த்த தங்கை மகள் கரோலினின் கணவர் கொமான்வில் மர வியாபாரத்தில் நொடித்துப்போனார். அவரைக் காப்பாற்ற ஃப்ளோபேர் தோவிலில் இருந்த பண்ணையை இரண்டு லட்சம் ஃப்ராங்குக்கு விற்றார். க்ருவாசே வீடும் போய்விடும் என்ற நிலை. சாண்ட் எழுதினார்: என்னிடம் ரொக்கம் இல்லை, ஆனால் விலை எனக்கு எட்டுகிற அளவில் இருந்தால் எதையாவது புரட்டி அந்த வீட்டை நான் வாங்குகிறேன், நீ உயிரோடு இருக்கும்வரை அங்கேயே இரு. அப்படி வாங்க வேண்டி வரவில்லை. ஆனால் எழுதும்போது அவர் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை என்பது தொகையைப் பற்றி யோசிக்கும் அந்த வாக்கியத்திலேயே தெரிகிறது.

அந்த டிசம்பரில் பழைய சண்டை கடைசி முறையாகத் தலை தூக்கியது. இனி நாம் என்ன எழுதப் போகிறோம் என்று கேட்டுவிட்டு சாண்டே பதிலும் சொல்கிறார்: நீ ஆற்றாமையை எழுதப் போகிறாய், நான் ஆறுதலை. பிரெஞ்சில் அந்த இரண்டு சொல்லும் 'தெசொலாசியோன்', 'கொன்சொலாசியோன்' என்று ஒரே ஓசையில் முடிந்து நிற்கும். தமிழிலும் 'ஆற்றாமை', 'ஆறுதல்' இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவது நம் அதிர்ஷ்டம். ஃப்ளோபேர் மறுக்கிறார். எனக்கு நம்பிக்கைகள் இல்லாமல் இல்லை, கோபத்தில் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் கலையில் அதைக் காட்டக் கூடாது, மனிதன் ஒன்றுமில்லை, படைப்புதான் எல்லாம்.

1876 ஜனவரியில் சாண்ட் நீண்ட பதில் போட்டார். 'உணர்வுகளின் கல்வி' ஏன் புரிந்துகொள்ளப்படவில்லை என்று அதில்தான் மனம் திறக்கிறார். வாசகருக்கு முதலில் வேண்டியது உன் மனத்துக்குள் நுழைவது, அதைத்தான் நீ அவருக்குத் தர மறுக்கிறாய், அதுவும் இறுமாப்போடு. விமர்சனமாகப் பார்த்தால் சாண்ட் தவறு என்பதுதான் என் கட்சி. அந்த நாவலில் ஃப்ளோபேர் குறுக்கே வந்து தீர்ப்புச் சொல்லியிருந்தால் அது செத்திருக்கும். அதே சமயம், அந்தக் குளிர் ஒரு கொள்கை மட்டுமா, இல்லை கொஞ்சம் பயமும் உண்டா என்று சாண்ட் மோப்பம் பிடித்ததில் தவறில்லை. பிப்ரவரியில் ஃப்ளோபேர் எழுதினார்: "நீங்கள் எதிலும் முதல் தாவலிலேயே வானத்துக்கு ஏறி, அங்கிருந்து பூமிக்கு இறங்குகிறீர்கள். நான் பாவப்பட்டவன், ஈயத்தில் செய்த செருப்பு மாட்டியவன் மாதிரி தரையோடு ஒட்டிக்கிடக்கிறேன்."

வாதம் அங்கே நின்றுவிட்டது. யாரும் ஜெயிக்கவில்லை. ஃப்ளோபேர் ஒரு கதை எழுத உட்கார்ந்தார்.

'ஓர் எளிய உள்ளம்' சிறியது. நார்மண்டியில் பொன்-லெவேக் ஊரில், வருடத்துக்கு நூறு ஃப்ராங்க் சம்பளத்துக்கு அரை நூற்றாண்டு வேலை பார்க்கும் ஃபெலிசித்தே என்ற வேலைக்காரியின் வாழ்க்கை. காதலித்தவன் கைவிடுகிறான், சகோதரி மகன் கப்பலோடு போய் இறக்கிறான், எஜமானியின் மகள் இறக்கிறாள். கடைசியில் மிஞ்சுவது ஒரு கிளி. அதுவும் செத்துப்போக, பாடம் செய்து வைத்துக்கொள்கிறாள். சாகும் நொடியில் வானத்தில் ஒரு பிரம்மாண்டமான கிளி தன் தலைக்கு மேல் சிறகு விரிப்பதைப் பார்த்ததாக நினைக்கிறாள். இது கிண்டலா என்று கேட்ட தோழி ஒருவருக்கு ஃப்ளோபேர் எழுதினார்: கிண்டல் கொஞ்சமும் இல்லை, மிகவும் தீவிரமானது, மிகவும் சோகமானது.

அவர் தன் விதியை இதிலும் மீறவில்லை. ஃபெலிசித்தேயைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று நேராகச் சொல்லும் வரியைத் தேடினால் கிடைக்காது. நூறு ஃப்ராங்க் என்ற எண் கிடைக்கும், பூச்சி அரித்த கிளி கிடைக்கும். ஆனால் சாண்ட் கேட்ட இதயம் அங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. 1876 மே 29 அன்று ஃப்ளோபேர் அவருக்கு எழுதினார்: நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கதையில் உங்கள் நேரடித் தாக்கத்தைக் காண்பீர்கள், நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் பிடிவாதக்காரன் இல்லை என்று தெரியும், இதன் அடியில் ஓடும் மனிதத்தன்மை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பத்து நாளில், ஜூன் 8 அன்று, குடல் அடைப்பால் சாண்ட் நோஆனில் இறந்தார். கதை பாதியில் நின்றது. ஃப்ளோபேர் ரூவான் அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த கிளி ஒன்றை இரவல் வாங்கிவந்து மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதினார். ஜூலையில் ஒரு தோழிக்கு, அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் வரத் தொடங்கிவிட்டது என்று எழுதினார். ஆகஸ்டில் முடித்தார். அடுத்த வருடம் புத்தகமாக வந்த பிறகு மாரிஸுக்கு: "அவருக்காக மட்டுமே, அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் அதைத் தொடங்கினேன். பாதியில் இருக்கும்போதே போய்விட்டார்."

அடக்கம் ஜூன் 10. பாரிஸிலிருந்து ரயிலேறி வந்தவர்களில் ஃப்ளோபேரும் ஒருவர். முன்னாள் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஒன்றுவிட்ட சகோதரர் இளவரசர் நெப்போலியன் வந்திருந்தார், அறிஞர் ரெனான் வந்திருந்தார், விக்தோர் உய்கோ அனுப்பிய இரங்கல் உரையை வாசித்தார்கள். அன்று நடந்ததை ஃப்ளோபேர் துர்கனேவுக்கு எழுதினார். இரண்டு முறை கன்றுக்குட்டி போல அழுதாராம். பேத்தி ஒரோரைக் கட்டிக்கொண்டபோது ஒரு தடவை, அன்றைக்கு அந்தக் குழந்தையின் கண்கள் அப்படியே பாட்டியின் கண்களாக இருந்தன. சவப்பெட்டி தன்னைத் தாண்டிப் போனபோது இன்னொரு தடவை. ஊர்ப் பெண்கள் குழியைச் சுற்றி நின்று அழுதார்கள், கணுக்கால் வரை சேறு, மெல்லிய மழை விழுந்துகொண்டிருந்தது என்று எழுதிவிட்டு, அடுத்து இதை எழுதினார்: "அவருடைய அடக்கம் அவர் எழுதிய புத்தகம் ஒன்றின் அத்தியாயம் போல இருந்தது."